நீலத் தவளையின் சட்டை

செயலாளர் வீட்டில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் கிடையாது. சொல் இருக்கட்டும், கடையில் வாங்கிய பொருளைக்கூடத் திருப்பிக் கொடுத்தது கிடையாது. குளம் மீட்புப் போராட்டத்தின் பொன்விழாவுக்கென்று அவர் வாங்கி வந்த வெள்ளைச் சட்டை கழுத்தைப் பிடித்தது. மேல் பொத்தானைப் போட்டதும் கண் இரண்டும் வெளியே எட்டிப் பார்த்தன.

"பெரிய சைஸா மாத்திட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"அளந்து பார்த்துத்தான் எடுத்தேன்னு கடைக்காரன்கிட்ட சொல்லிட்டேன்."

"அதனால?"

"அதனால கழுத்துதான் இளைக்கணும். சட்டை மாறாது."

அப்பேர்ப்பட்ட குடும்பம். அந்தக் குடும்பத்தின் மானம் மரியாதை முழுவதும் ஒரு தவளையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்ததுதான் விதி செய்த வேலை.

அந்தக் கதை இது. ஊர் நடுவே ஒரு குளம். குளத்தின் மேற்குக் கரையில் ஒரு காலத்தில் சாய ஆலை இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றிக் கழுவிய தண்ணீரை ஆலை நேராகக் குளத்தில் திறந்துவிட்டது. அன்றைக்கு அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. புகை வந்தால் முன்னேற்றம், நாற்றம் வந்தால் வேலைவாய்ப்பு என்றிருந்த காலம். சுற்றுச்சூழல் என்ற சொல்லை அப்போது பத்திரிகைக்காரர்களே கொஞ்சம் கூச்சத்தோடுதான் அச்சில் போட்டார்கள்.

செயலாளரின் அப்பா தையல்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்தது கிடையாது. ஒருநாள் காலையில் கரையோரமாக நடந்து போனவர், ஒரு தவளையைப் பார்த்து நின்றுவிட்டார். தலை முதல் கால் வரை நீலம். "இப்படியொரு தவளை உலகத்தில் வேறெங்கும் கிடையாது" என்று அங்கேயே அறிவித்தார். ஊரைத் தாண்டி அவர் அதிக தூரம் போனதில்லை என்பதை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை. மறுநாளே ஆலை வாசலில் மல்லாந்து படுத்துவிட்டார். கழுத்தில் நாடா, நெஞ்சின் மேல் கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் நீலத் தவளை.

பிள்ளைகளுக்குத் தோல் அரிக்கிறது, குடிக்கிற தண்ணீர் நாறுகிறது என்று அதற்கு முன் எத்தனையோ பேர் கத்திப் பார்த்திருந்தார்கள். அப்போதெல்லாம் வராத கூட்டம் தவளை என்றதும் திரண்டு வந்தது. மனிதனுக்கு அரித்தால் அது அவன் தலையெழுத்து. தவளைக்கு ஆபத்து என்றால் அது உலகப் பிரச்சினை.

ஆலை நிர்வாகம் சும்மா இருக்குமா? தன் சம்பளத்தில் இருந்த வேதியியல் நிபுணரைக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக மேடையேற்றியது. அவர் ஆலையிலிருந்து குளத்துக்குப் போகும் வாய்க்கால் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு எல்லோருக்கும் காட்டினார். "உணர்ச்சி பேசினது போதும். இப்ப அறிவியல் பேசட்டும்" என்று சொல்லி, மடக் மடக்கென்று குடித்து முடித்தார். குடித்துவிட்டு வெற்றிப் பெருமிதத்தோடு உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

கீழே படுத்திருந்த தையல்காரர் படுத்தபடியே கேட்டார்: "அறிவியல் பேசிடுச்சு. இப்ப கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, பார்ப்போம்!"

நிபுணருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பல் அத்தனையும் நீலம். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆலையின் மதில் ஆடியது என்று சொல்வார்கள். கொஞ்ச காலத்திலேயே ஆலை மூட்டை கட்டிக்கொண்டு போனது. நிபுணருக்கு நீலப்பல்லர் என்ற பெயர் நிலைத்தது. தையல்காரருக்குக் கரையில் சிலை வைத்தார்கள். சிற்பி பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துச் செய்ததால் சிலையும் மல்லாந்துதான் படுத்திருந்தது, நெஞ்சில் தவளையோடு. பக்கத்தில் பலகை: "உலகில் வேறெங்கும் இல்லாத நீலத் தவளையைக் காத்த பெருமகன்."

ஒரே ஒரு குறை. ஆலை போன மறு வருடத்திலிருந்து நீலத் தவளையைக் காணவில்லை.

அப்பா காலமான பிறகு நீலத் தவளைப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு மகனுக்கு வந்தது. ஊர் அவர் பெயரையே மறந்துவிட்டது; மனைவி உட்பட எல்லோரும் அவரைச் செயலாளர் என்றே குறிப்பிட்டார்கள். முதலில் சங்கம் பாட்டுப் பாடியது. பிறகு பதாகை பிடித்தது. பிறகு கருத்தரங்கு நடத்தி, தவளைப் படம் போட்ட பனியன் விற்றது. உலகமே சூழலைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது செயலாளரும் சேர்ந்து பேசினார். ஓசோனில் ஓட்டை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னபோது, "பார்த்தீங்களா, அறிவியலே சொல்லிடுச்சு" என்று கொடி பிடித்தார். அதே ஆராய்ச்சிக்காரர்கள் குளத்துக்கு வந்து, "தவளை எங்கே?" என்று கேட்டபோது, "ஆலைக்காரன் தண்ணியைக் குடிச்ச கூட்டம்தானே நீங்க!" என்று கொடியைச் சுருட்டி அடிக்க ஓங்கினார். வேண்டும்போது மாமன், வேண்டாதபோது யாரோ. அறிவியலோடு அவர் வைத்திருந்த உறவு அப்படிப்பட்டது.

ஆண்டறிக்கையில் மட்டும் தவறாமல் எழுதி வந்தார்: "தவளை கூச்ச சுபாவம் காரணமாக இவ்வாண்டும் காட்சி தரவில்லை."

பொன்விழா நெருங்கும்போது நகராட்சி ஆணையர் அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். ஆணையர் வயதில் சின்னவர். மேசை மேல் மூன்று தொலைபேசியும் ஒரு வாடாத பிளாஸ்டிக் செடியும் இருந்தன.

"ஐயா, புது விதி வந்திருக்கு. பொது இடத்துல பலகை வச்சா அதுல இருக்கிற தகவலுக்கு அறிவியல் சான்று வேணும். உங்க பலகையில நீலத் தவளைன்னு இருக்கு. அதைப் பார்த்தது யாரு?"

"எங்கப்பா."

"அவருக்கு அப்புறம்?"

"கூச்ச சுபாவம்."

"உங்கப்பாவுக்கா?"

"தவளைக்கு!"

ஆணையர் இருமுவது போலச் சிரிப்பை விழுங்கினார். "சான்று இல்லைன்னா பலகையையும் சிலையையும் கிடங்குக்கு எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. அதுவும் படுத்த சிலை வேற. போன மாசம் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருத்தர், யாரோ மயங்கிக் கிடக்கறாங்கன்னு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டார்."

செயலாளரின் முதுகு நாற்காலியைத் தொடாமல் விறைத்தது. அப்பா கிடங்கிலா? உடைந்த குப்பைத்தொட்டிகளுக்கும் பழைய தெருவிளக்குகளுக்கும் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டா? "யார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

"நன்னீர் ஆய்வு நிலையத்துல தவளை நிபுணர் ஒருத்தங்க இருக்காங்களாம். அவங்க போட்டா போதும்."

செயலாளர் மீசையை நீவிக்கொண்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? அந்த நிபுணர் அவருடைய மருமகள்.

மகன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, "ஆராய்ச்சிக்காரி இந்த வாசப்படியை மிதிக்கக்கூடாது" என்று செயலாளர் ஒரு சொல் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாததால், மருமகள் இன்றுவரை அந்தப் படியை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே வருகிறாள். அவள் வந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே தலைப்பிரட்டைப் புட்டிகளும் குடியேறின. மாமியார் மட்டும் இரண்டு நாள் முனகிவிட்டு, பால் பாத்திரத்தில் "பால்" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டாள்.

அன்று மாலை மருமகள் சேறு படிந்த காலணியோடு படியைத் தாண்டி வந்தபோது, செயலாளர் தானே எழுந்துபோய் அவளுக்குத் தேநீர் எடுத்துவந்து வைத்தார். வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

"உடம்புக்கு ஏதாவதா மாமா?" என்றாள் அவள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. குடும்ப கௌரவம்."

மருமகள் தேநீரை ஆற்றினாள். "மாமா, நீலப்பல்லர் அந்தத் தண்ணியைக் குடிச்சதும் பல்லு என்ன ஆச்சு?"

"நீலமாச்சு! ஊரே சிரிச்சுது!"

"ஒரு தம்ளர் குடிச்ச மனுஷனுக்கே பல்லு நீலமாச்சுன்னா, அந்தத் தண்ணியிலேயே கிடந்த தவளைக்கு?"

செயலாளர் சிரிப்பை நிறுத்த மறந்தார். வாய் மட்டும் திறந்திருந்தது.

"அது நம்ம ஊர்ல மூலைக்கு மூலை கத்துற சாதாரணத் தவளைதான். சாயம் ஏறியிருக்கு. ஆலை போச்சு, சாயமும் போச்சு. தவளை எங்கேயும் போகலை. தினமும் ராத்திரி கத்துதே, கேக்கலையா?"

"அப்போ எங்கப்பா பொய்யரா?"

"யார் சொன்னா?"

"இல்லைன்னா ஏமாளியா? ரெண்டுல ஒண்ணுதானே!"

"ரெண்டும் இல்லை மாமா. உங்கப்பா நீலத் தவளையைக் காப்பாத்தலை. தவளையை நீலத்துலேருந்து காப்பாத்தினார். அப்படி எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"வார்த்தையை முன்னே பின்னே மாத்திப் போட்டு எங்கப்பாவை அளக்கப் பார்க்கிறியா? அவர் அளந்து பார்த்தா படுத்தார்? நெஞ்சுல பட்டுது, படுத்தார்!"

"அவர் தையல்காரர் மாமா. அளக்காம ஒரு பட்டன்கூட வச்சிருக்க மாட்டார்."

செயலாளர் அவளுக்குக் கொண்டுவந்த தேநீரைத் தானே எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை, மருமகள் வேலைக்குப் போன பிறகு, செயலாளர் மனைவியையும் கொசுவலையையும் சாதம் வடிக்கிற சல்லடையையும் அழைத்துக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார். அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. தவளை காட்சி தரவில்லை என்றால், காட்சியைத் தவளைக்குத் தருவது.

பிடிக்கிற வேலை அவர் நினைத்தது போல இல்லை. குனிந்து பழக்கமில்லாத முதுகு. தவளையை நெருங்கி, முதுகை வளைக்காமலே சல்லடையைக் கவிழ்த்தார். தவளை நகர்ந்துகொண்டது. மறுபடி கவிழ்த்தார். இந்த முறை தன் காலணியையே பிடித்தார். காலைநடை போகிற இருவர் நின்று பார்த்தார்கள்.

"என்ன செயலாளரே, என்ன பண்றீங்க?"

"உடற்பயிற்சி."

"சல்லடையோடயா?"

"வியர்வை வடியணும்ல" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

கடைசியில் ஒரு தடித்த தவளை, சலித்துப்போய்த் தானாகவே தாவி செயலாளரின் தலையில் உட்கார்ந்தது. மனைவி நிதானமாகக் கொசுவலையைக் கணவன் தலையோடு சேர்த்துப் போட்டுச் சுருக்கினாள்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் புதுப் புட்டியை முழுவதுமாக ஒரு வாளித் தண்ணீரில் கவிழ்த்தார். தவளையைப் பிடித்து முக்கினார். கொஞ்ச நேரம் மனசாட்சி உறுத்தியது. தவளைப் பாதுகாப்புச் சங்கச் செயலாளர் தவளையை முக்குகிறார். "அப்பாவுக்காக" என்று அதனிடமே சொன்னார். அது கன்னத்தை உப்பிக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு எதுவும் தென்படவில்லை.

மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டையைத் துவைச்சது கிடையாது. இப்ப தவளையைத் துவைக்கிறீங்களா?"

"கதவைச் சாத்து. குடும்ப மானம்."

"நம்ம மானத்துல இனிமே வெளுக்க என்ன இருக்கு? நாளைக்குச் சட்டைக்குப் போட நீலம் மிச்சமிருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

மிச்சமில்லை. தவளை வானத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. கூடவே செயலாளரின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வந்திருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார், செங்கல்லால்கூட ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தார். கை சிவந்து ஊதா ஆனதுதான் மிச்சம். மகன் ஓட்டுநர் வேலைக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு படுத்தார்.

விழாப் பந்தல் குளக்கரையில், சிலைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். முன்வரிசையில் சங்க உறுப்பினர்கள் தவளைப் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில், வழக்கம்போல, நீலப்பல்லர். தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்த அவர் ஒவ்வொரு வருடமும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வருவார், கேலியைக் கேட்பார், கொடுத்த தேநீரைக் குடிப்பார், போய்விடுவார். ஏன் வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

மேடையில் ஆணையர், நடுவில் மருமகள், ஓரத்தில் செயலாளர். புதுச் சட்டையின் மேல் பொத்தான் தொண்டையில் உட்கார்ந்திருந்ததால் அவர் பார்வைக்கு என்றும் இல்லாத ஒரு தீவிரம் வந்திருந்தது.

"கையுறை எதுக்கு மாமா?" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"மரியாதைக்கு."

அவர் எழுந்து, மேசை மேல் வைத்திருந்த கண்ணாடிக் குடுவையின் துணியை இழுத்தார். "இதோ! அரை நூற்றாண்டாக் கூச்சப்பட்டது, எங்கப்பாவோட பொன்விழாவுக்குன்னு வந்திருக்கு!"

நீலத் தவளை! பந்தல் அதிர்ந்தது. பனியன்காரர்கள் எழுந்து நின்று பழைய பாட்டை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு இரண்டாவது வரி மறந்துபோய், முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஆணையர் சான்றிதழை மருமகள் முன்னால் நகர்த்திப் பேனாவையும் கொடுத்தார்.

மருமகள் பேனாவைத் திறக்கவில்லை. தவளையைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள், மறுபடி தவளையைப் பார்த்தாள்.

"கையெழுத்து?" என்றார் ஆணையர்.

"கொஞ்சம் பொறுங்க. தவளை வேலையா இருக்கு."

தவளை முதுகை வளைத்தது. வாயை அகலத் திறந்து மூடியது. பிறகு, இறுக்கமான சட்டையைத் தலை வழியாகக் கழற்றுகிற மனிதனைப் போல, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் கொண்டுபோய்த் தன் தோலைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. முதுகிலிருந்து நீலம் மெல்லிய தாளாகக் கிளம்பி வந்தது.

"ஐயோ, சட்டையைக் கழட்டுதுடா!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"கழட்டி வைக்கலையே! திங்குது பாரு!"

தின்றது. இழுக்க இழுக்க வாய்க்குள் திணித்துக்கொண்டது. கண்ணை மூடி மூடி விழுங்கியது. மருமகள் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினாள். "பயப்படாதீங்க. தவளை அப்பப்ப மேல்தோலை உரிச்சுத் தின்னும். புதுத்தோல் உள்ளே தயாரா இருக்கும்." பாட்டு நின்றிருந்தது. கடைசித் துண்டு நீலமும் வாய்க்குள் போனது. உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு பச்சைத் தவளை வந்து உட்கார்ந்து, "க்ராக்" என்றது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளரின் கழுத்துப் பொத்தான் தெறித்தது. டொக் என்று ஒலிபெருக்கியில் பட்டு ஆணையரின் தேநீருக்குள் விழுந்தது. அந்த டொக் குளத்தின் அக்கரை வரை கேட்டது.

"ஐயா," என்றார் ஆணையர், பொத்தானைக் கரண்டியால் எடுத்தபடி, "இது சாதாரணத் தவளை மாதிரி இருக்கே?"

கடைசி வரிசையில் கைத்தடி தட்டுகிற சத்தம். நீலப்பல்லர் எழுந்து நின்றிருந்தார். "நான் ஒண்ணு சொல்லலாமா? அன்னைக்கும் அது சாதாரணத் தவளைதான். குடுவையைப் பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று பனியன்காரர் ஒருவர் பாய்ந்தார்.

"என்னன்னு சொல்றது? 'உங்க தவளைக்குச் சாயம் ஏறியிருக்கு'ன்னு சொன்னா, 'யார் வீட்டுச் சாயம்?'னு கேப்பீங்களே! தண்ணியில சாயமே இல்லைன்னு சொல்லத்தானே எனக்குச் சம்பளம்? எனக்குத் தெரிஞ்ச ஒரே உண்மையைச் சொன்னா என் பொய் வெளிய வந்துடும். அதான் பேசாம தண்ணியை எடுத்துக் குடிச்சேன்."

பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாக் கண்களும் செயலாளர் பக்கம் திரும்பின. இப்போது அவர் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் அப்பா கரையில் இருப்பதும் கிடங்குக்குப் போவதும். பொய்யரா, ஏமாளியா? செயலாளர் சிலையைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா. இத்தனை வருடமாக மாலை போட்டு வந்தவர், சிற்பி அந்த நாடாவில் கோடு கோடாக அளவுகூடச் செதுக்கியிருப்பதை அன்றுதான் கவனித்தார்.

பொத்தான் போனதால் மூச்சு தாராளமாக வந்தது. அவர் விறைப்பாக எழுந்து, இரண்டு கையுறைகளையும் கழற்றி, நீலக் கைகளை உயரத் தூக்கிக் காட்டினார்.

"நேத்து இந்தத் தவளையை நீலத்துல முக்கினது நான்தான்!"

பந்தல் "ஆ" என்றது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செய்முறை விளக்கம்!" என்று செயலாளர் முழங்கினார். "அறிவியல் செய்முறை விளக்கம்! சாயம் எப்படி ஏறும், எப்படி இறங்கும்னு உங்க கண்ணாலேயே பார்த்தீங்க. எங்கப்பா தையல்காரர். அளக்காம ஒரு பட்டன் வச்சவரில்லை. அவர் நீலத் தவளையைக் காப்பாத்தலை. தவளையை நீலத்துலேருந்து காப்பாத்தினார்! நீலத் தவளையை ஏன் காணோம்னு கேக்கறீங்களே, காணாம போனதுதான் அவர் ஜெயிச்சதுக்குச் சாட்சி! அரை நூற்றாண்டா எங்க குடும்பம் சொல்லிட்டு வர்றது இதைத்தான்!"

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மகன் நாற்காலியிலிருந்து சரிந்தான். கைத்தட்டல் நிற்க வெகுநேரமானது. முதலில் தட்டியது நீலப்பல்லர்.

மருமகள் ஒலிபெருக்கியில், "நல்ல செய்முறைதான். ஆனா இனிமே யாரும் தவளையை எதுலயும் முக்கக்கூடாது. அது தோலாலேயே தண்ணி குடிக்கிற உயிர். இதையும் சங்கம் இன்னைக்கே தீர்மானமாப் போட்டுடணும், மாமா" என்றாள். பலகை வாசகத்தை அடித்துத் திருத்தி எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். ஆணையர், "அப்போ சிலை இங்கேயே இருக்கும்" என்றார். தவளையைக் குளத்தில் விட்டார்கள். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போயிற்று.

நீலப்பல்லர் கைத்தடியை ஊன்றி மேடைக்கு வந்தார். செயலாளர் இறங்கிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் வர்றீங்களே, இதைச் சொல்லத்தானா?"

"யாராவது கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க தேநீர்தான் குடுத்தீங்க." கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். "பல்லு எல்லாத்தையும் டாக்டர் பிடுங்கிட்டார். ஒண்ணை மட்டும் கேட்டு வாங்கி வச்சேன். உங்க சங்கத்துல வைங்க." திறந்தால் உள்ளே பஞ்சுமேல் ஒரு பல். இன்னும் மங்கிய நீலம். "அந்தக் காலத்துச் சாயம்," என்றார் கொஞ்சம் பெருமையாக, "அசல் சரக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருமகள் கேட்டாள். "மாமா, அது நான் சொன்னதுதானே?"

"எது?"

"நீலத்துலேருந்து காப்பாத்தினார்னு."

"நம்ம குடும்பத்துல யார் சொன்னா என்ன? நீ சொன்னாலும் நான் சொன்னாலும் குடும்பச் சொல்." இரண்டடி நடந்துவிட்டுச் சொன்னார்: "சொன்னதைத் திரும்ப வாங்கறதில்லைன்னு ஒரு வழக்கம் இருக்கு. அந்த வாசப்படி விஷயம்... நான் ஆராய்ச்சிக்காரின்னுதான் சொன்னேன். எங்க வீட்டுப் பொண்ணு மிதிக்கக்கூடாதுன்னு சொல்லலை."

அன்று மருமகள் சேற்றுக் காலணியோடு படியின் நட்டநடுவில் காலை வைத்து உள்ளே போனாள். மாமியார் ஈரத்துணியை எடுத்துவந்து துடைத்தாள்.

மறுநாள் செயலாளர் ஒரு காரியம் செய்தார். தவளையே கழற்றுகிறது, மனிதன் கழற்றினால் என்ன என்று, அந்தச் சட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"கழுத்து சேரலை. பெரிசா ஒண்ணு மாத்திக் குடுப்பா" என்றார், தலை நிமிர்ந்து.

கடைக்காரர் அசந்துபோனார். இந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பொருள் திரும்பி வந்ததாக அவருடைய அப்பா காலத்திலும் கேள்விப்பட்டதில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். கழுத்தில் பொத்தான் இல்லை. கழுத்தின் உள்பக்கம், விழாக் காலையில் கையுறையைக் கழற்றிவைத்துவிட்டு மேல் பொத்தானோடு மல்லுக்கட்டிய பத்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

"ஐயா, இதை எப்படி...?"

செயலாளர் சட்டையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார்.

"அளந்து பார்த்துத்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, அதையே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, விறைப்பாக வீட்டைப் பார்க்க நடந்தார்.